டாஸ் தோஷம்

புதுசாக இருந்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயது ஒன்று எல்லோருக்கும் வருகிறது. எனக்கு அது இருபத்திரண்டில் வந்தது. மற்றவர்களுக்கு அந்த நம்பிக்கையால் காலைக் கடித்த செருப்போ, முதல் துவையலில் சாயம் போன புடவையோ மிஞ்சும். என்னால் ஒரு பெண்ணின் கல்யாணமே நிற்கப் பார்த்தது. அதுவும் ஜாதக விஷயத்தில். (நாங்கள் தலைமுறை தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டில் யாருக்கும் ராசி கிடையாது. அப்பாவுக்கு மட்டும் பொறந்த நேரம் சரியில்லை என்று அம்மா சொல்வதுண்டு.)

எண்பதுகளின் கடைசி. தர்மபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் சண்முகம் சார் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். இனிமேல் டைப்ரைட்டருக்குக் காலமில்லை என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். உடனே பெங்களூருக்குப் போய், ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரை வாங்கி வந்துவிட்டார். மாடு வாங்குகிறவர் போல முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்து, தட்டிப் பார்த்து, திரையில் பச்சை வெளிச்சம் வந்ததும் வேனில் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகுதான் அதை ஓட்ட ஆள் தேடினார். கிடைத்தவள் நான்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். கணக்கில் டிகிரி. அதற்கு மேல் சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ். அந்த கோர்ஸில் மெஷின் ஒன்று, படிக்கிறவர்கள் ஒரு கூட்டம். எனக்கு முன்னால் நின்றவர்களின் பின்னந்தலையைத்தான் நான் அதிகம் படித்தேன். ஆனால் சர்ட்டிபிகேட்டில் தங்கக் கலரில் பார்டர் போட்டிருந்தார்கள். அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். கடலைக்காய் வாங்க வருகிற வியாபாரியிடம்கூட, "எம் பொண்ணு கம்ப்யூட்டருக்கே பாடம் எடுக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தானாக எழுந்திருக்காது. அதை எழுப்ப டாஸ் என்று ஒன்று வேண்டும். கறுப்பு அப்பளத்தைச் சதுரமாக வெட்டி உறைக்குள் போட்டது போல ஃப்ளாப்பி என்று ஒரு தட்டு இருக்கும். டாஸ் இருக்கிற ஃப்ளாப்பியைச் சொருகி முதலில் மெஷினை எழுப்ப வேண்டும். அப்புறம் நமக்கு வேண்டிய ப்ரோக்ராமை இன்னொரு ஃப்ளாப்பியிலிருந்து ஓட்ட வேண்டும். இந்த டாஸிலும் பழசு, புதுசு உண்டு. ஒவ்வொன்றுக்கும் வெர்ஷன் நம்பர் உண்டு. எங்கள் மெஷினில் இருந்தது இரண்டாவது வெர்ஷன். இதை இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அப்போது எனக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது.

சார் 'கம்ப்யூட்டர் சென்டர்' என்று போர்டு மாட்டினார். படிக்க யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தவர்கள், இதில் சினிமா தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஈ ஓட்டுவதற்குக்கூட மெஷின் மேல் ஈ உட்காரவில்லை. அப்போதுதான் சாருக்குக் கம்ப்யூட்டர் ஜாதகம் பற்றித் தெரியவந்தது. பெங்களூரில் எல்லோரும் மெஷினில்தான் பொருத்தம் பார்க்கிறார்களாம். அந்த ப்ரோக்ராம் ஒரு கடையில் கிடைக்கிறதாம். "நீ படிச்ச புள்ள, நீயே பாத்து எடும்மா" என்று என்னையும் பஸ் ஏற்றி அழைத்துப் போனார்.

கடையில் இருந்த இளைஞர் கன்னடம் கலந்த தமிழில் பேசினார். அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்கு வினையாகிவிட்டது. "உங்க மெஷின்ல டாஸ் என்ன வெர்ஷன், மேடம்?"

அதுவரை என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. தொண்டை வரை வந்த 'தெரியாதுங்க' அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் திரும்பி உள்ளே போய்விட்டது.

"எல்லா வெர்ஷனும் இருக்குங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். சார் பெருமையாகத் தலையாட்டினார். அந்த இளைஞர் நல்லவர். ஜாதக ப்ரோக்ராமில் இரண்டு இருக்கிறது, பழசு எந்த மெஷினிலும் ஓடும், வெறும் கட்டமும் எழுத்தும்தான் வரும், புதுசுக்கு டாஸும் புதுசாக இருக்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். நான் கவனிக்கவில்லை. அதற்குள் அவர் மேசையில் இருந்த கலர் திரையில் புதுசு ஓட ஆரம்பித்துவிட்டது. கோடு கோடாகப் பிள்ளையார் வந்தார். தும்பிக்கை கடைசியாக வந்தது. சார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் புதுசைக் காட்டி, "இதையே கொடுத்துருங்க" என்றேன். (எங்கள் மெஷினில் பச்சையைத் தவிர வேறு கலர் வராது. அதுகூட அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.)

ஊருக்கு வந்ததும் ஓட்டிப் பார்த்திருந்தால் விஷயம் எங்களோடு முடிந்திருக்கும். சார் அந்த ஃப்ளாப்பியைக் கொண்டுபோய்த் தன் வீட்டுப் பூசை அலமாரியில் வைத்துவிட்டார். வளர்பிறை வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில்தான் எடுப்பாராம். அதற்குள் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாமே என்று மெதுவாகக் கேட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடியே தாலி கட்டிப் பாப்பாங்களா?" என்றார்.

முதல் வாடிக்கையாளரையும் சாரே பிடித்து வந்தார். இண்டூரில் விவசாயம் பார்க்கிற பச்சியப்பன், அவருக்குத் தெரிந்தவர். அவருடைய மகள் ராஜாத்திக்குப் பாப்பாரப்பட்டியிலிருந்து குமார் என்கிற பையன் வரனாக வந்திருந்தான். பெண் பார்க்க வந்த அன்று குமார் இரண்டாவது டம்ளர் காபி கேட்டானாம். அதுதான் அவனுடைய சம்மதம் என்று ராஜாத்தி எடுத்துக்கொண்டாள். சரியாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஆனால் ஊர் ஜோசியர், செய்தாலும் செய்யலாம், விட்டாலும் விடலாம், மத்திமம் என்று சொல்லிவிட்டார். குமாரின் அம்மாவுக்கு அந்த மத்திமம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. புருசனில்லாமல் ஒற்றை ஆளாக வளர்த்த ஒரே பையன். இந்த இடத்தில்தான் சண்முகம் சார் புகுந்து, மனுசன் மாத்திச் சொல்வான், மெஷின் மாத்திச் சொல்லாது என்று இரண்டு வீட்டாரிடமும் சொல்லியிருந்தார். மெஷின் சொல்வதற்குக் கட்டுப்படுவதாக அந்த அம்மாவும் ஒத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். பச்சியப்பன், அவருடைய மச்சினர் கோவிந்தன், குமாரின் அம்மா, ராஜாத்தி. பெண்ணைக் கூட்டிவருகிற வழக்கமில்லைதான். மெஷினைப் பார்க்க வேண்டும் என்று அவள் அடம்பிடித்து வந்துவிட்டாளாம். குமாரும் வந்திருந்தான். உள்ளே வராமல், எதிர் டீக்கடையில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான்.

திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கீபோர்டுக்கு ஒரு முழம் கனகாம்பரம் போட்டிருந்தார் சார். ஸ்பேஸ் பார் பூவுக்கு அடியில் எங்கோ இருந்தது. கற்பூரம் காட்டிவிட்டு, "ஆரம்பிம்மா" என்றார்.

நான் மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டு டாஸ் ஃப்ளாப்பியைச் சொருகினேன். மெஷின் எழுந்தது. ஜாதக ஃப்ளாப்பியைச் சொருகி, ப்ரோக்ராமின் பெயரை அடித்து, என்டர் தட்டினேன். உள்ளே கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். எல்லோரும் பிள்ளையாருக்காகக் காத்திருந்தோம். பிள்ளையார் வரவில்லை. ஒரே ஒரு வரி ஆங்கிலத்தில் வந்து நின்றது.

கோவிந்தன் பி.யூ.சி. வரை போனவர். அந்தக் கூட்டத்தில் ஆங்கிலம் படிக்கக்கூடியவர் என்று பெயர் எடுத்தவர். எழுந்து வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார்.

"இன்கரெக்ட். இன்கரெக்ட்டுன்னா தப்புங்க." விரல் நகர்ந்தது. "டி, ஓ, எஸ்." நிறுத்தினார். இன்னொரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "தோஸ். தோஷம்னு முழுசாப் போட எடமில்ல போல, மச்சான்."

குமாரின் அம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"அதுக்கு அடுத்தாப்ல என்னமோ இருக்குதே" என்றார் பச்சியப்பன்.

"வெர்சன்." கோவிந்தன் யோசித்தார். "வருசமாத்தான் இருக்கும். புள்ள பொறந்த வருசத்துலயே தோஷங்குது."

அது 'இன்கரெக்ட் டாஸ் வெர்ஷன்'. உன்னிடம் இருக்கிற டாஸ் பழசு, எனக்கு இது ஒத்து வராது என்று ப்ரோக்ராம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கோர்ஸில் இப்படி ஒரு வரியை நான் பார்த்ததே இல்லை. அதனால் அந்த நேரத்தில் கோவிந்தனுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரிந்திருந்தது. சரியாகச் சொன்னால் அதைவிடக் குறைவு. அவராவது ஓர் அர்த்தம் கண்டுபிடித்திருந்தார்.

பதற்றத்தில் நான் மறுபடியும் என்டர் தட்டினேன். அதே வரி. ஃப்ளாப்பியை எடுத்து, முந்தானையால் துடைத்து (ஃப்ளாப்பியைத் துடைக்கவே கூடாது), திரும்பப் போட்டேன். அதே வரி. பூவை எல்லாம் எடுத்துவிட்டுத் தட்டினேன். ஒவ்வொரு தடவையும் பழைய வரிக்குக் கீழே புது வரியாக வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க ராஜாத்தியின் தோஷம் பச்சைப் பசேல் என்று நின்றது.

"மெஷின்ல ஏதோ கோளாறுங்க" என்றேன்.

குமாரின் அம்மா எழுந்துவிட்டார். அவர் கோபப்படவில்லை. பயந்திருந்தார். "நாம இன்னும் பேரே சொல்லலியே. நட்சத்திரம் சொல்லலியே. அதுக்குள்ளாற மெஷினுக்குத் தெரிஞ்சுபோச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே போனார். டீக்கடையில் இருந்த மகனை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தார். குமார் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். டம்ளரைக் கையிலேயே கொண்டு போய்விட்டான் என்று டீக்கடைக்காரர் பின்னால் ஓடினார்.

பச்சியப்பனும் கோவிந்தனும் வாசலில் சாரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ராஜாத்தி மட்டும் திரை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். அழவில்லை. என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். "அக்கா, அது நெசமாவே என்னையப் பத்தித்தான் சொல்லுதா?"

"இல்லம்மா" என்றேன். ஏன் இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. அவள் தலையாட்டிவிட்டுப் போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டாள். இரண்டையும் கால் மாற்றிப் போட்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ப்ரோக்ராமோடு ஒரு மெலிசான புத்தகம் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் போன பிறகு முதன்முதலாக அதைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே, இதை ஓட்ட டாஸ் மூன்றாவது வெர்ஷன் அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று போட்டிருந்தது. நம்மிடம் இருப்பது எது என்று மெஷினிடமே கேட்கலாம், 'வெர்' என்று அடித்தால் போதும் என்றும் இருந்தது. அடித்தேன். இரண்டு என்றது. இவ்வளவு நாளாக யாராவது கேட்டால் சொல்லலாம் என்று அது காத்திருந்தது போலத் தோன்றியது.

சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒருவேளை நெசமாவே தோஷம் இருந்துச்சுன்னா?" என்றார்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஜாதகம் பார்ப்பது பாவம் என்று நினைக்கிறவர் அவர். நான் அந்த வேலைக்குப் போனதிலேயே அவருக்கு மனத்தாங்கல் இருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "கெளம்பு, அந்தப் புள்ளையோட வூட்ல போய்ச் சொல்லிட்டு வந்துரலாம்" என்றார்.

இண்டூருக்குப் போனோம். பச்சியப்பன் மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார். டாஸைப் பற்றியும் வெர்ஷனைப் பற்றியும் என் கணக்கு டிகிரி முழுவதையும் செலவழித்து விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நியாயமாக ஒன்று சொன்னார். "நீங்க சொல்றீங்க, செரி. நான் நம்பறேன். அந்தம்மா நம்போணுமில்ல? தப்புன்னு மெஷின் சொல்லிருச்சு. இல்லைன்னும் மெஷினே சொன்னாத்தான் உண்டு."

மறுநாளே அப்பாவும் நானும் பெங்களூர் பஸ்ஸில் இருந்தோம். இந்தத் தடவை எங்கள் டாஸ் ஃப்ளாப்பியையும் எடுத்துக்கொண்டேன். ஓசூர் தாண்டும் வரை அப்பா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். ஜாதகம் பார்க்கிற மெஷின் நன்றாக ஓட வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்ட ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கடை இளைஞருக்கு என்னை ஞாபகம் இருந்தது. அவர் கேட்பதற்கு முன்பே, "டாஸ் ரெண்டாவது வெர்ஷன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி. டாஸையே புதுசாக மாற்றிவிட முடியாதா என்று கேட்டேன். எங்கள் மெஷினில் அதற்கு மெமரி போதாது என்றார். மேலும் அது தனக்கென்று செய்த டாஸில்தான் எழுந்திருக்கிற ரகம், மற்றவர்களுடைய டாஸைக் கொடுத்தால் கண்ணையே திறக்காது என்றார். புது ப்ரோக்ராமைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழசை எடுத்தார். உள்ளே கிடந்த அதே ரகத்துப் பழைய மெஷினில், எங்கள் டாஸைப் போட்டு எழுப்பி, ஓட்டியும் காட்டினார். பிள்ளையார் இல்லை, கலர் இல்லை. கட்டங்கள் வந்தன. பெயர் என்ன என்று கேட்டது. எனக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இதற்கிடையில் அப்பா, மேசையில் இருந்த கலர் திரையில் பிள்ளையார் கோடு கோடாக வருவதைப் பார்த்துவிட்டார். ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, இதுலயே மாதா படம் போட்டது இருக்குதுங்களா?" என்று விசாரித்தார்.

ஃப்ளாப்பி மடங்கக் கூடாது, வெயில் படக் கூடாது என்று இளைஞர் எச்சரித்திருந்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம். எங்கள் சர்ச்சின் நற்கருணைப் பவனியில் பங்குச் சாமியார் அப்பம் வைத்த கதிர்ப்பாத்திரத்தைப் பிடித்து வருவது போல, அப்பா அதை இரண்டு கைகளாலும் மார்புக்கு நேராக ஏந்திக்கொண்டு, கம்பியைப் பிடிக்காமல் கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டே வந்தார். கண்டக்டர் மருந்தா என்று கேட்டார். அப்பா ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை தாலி கட்டிப் பார்க்கலாமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. நேராகச் சென்டருக்குப் போய் மெஷினில் போட்டுவிட்டேன். ஓடியது. ஆனால் யாருடைய ஜாதகத்தைக் கொடுத்துப் பார்ப்பது? ராஜாத்தியின் விவரத்தைக் கொடுக்கப் பயமாக இருந்தது. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருடையதையும் அம்மாவுடையதையும் கேட்டேன். அந்தோணியார் திருநாளை ஒட்டிப் பிறந்ததால்தான் அவருக்கு அந்தோணி என்று பெயர், அதனால் தேதி கிட்டத்தட்டத் தெரியும். அம்மா ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று பிறந்தவர், மழை பெய்துகொண்டிருந்தது. மெஷினுக்கு மழை வேண்டியதில்லை. உத்தேசமாக ஒரு தேதியும் நேரமும் கொடுத்தேன்.

மெஷின் நிதானமாக யோசித்தது. கட்டம் போட்டது. கடைசியில், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னது.

அப்பாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "உங்கம்மாகிட்ட சொல்லிராத கண்ணு. நமக்கு ராத்திரிச் சோறு வேணும்."

அவருக்குச் சிரிப்பு. நான் மெஷினை அணைத்துவிட்டேன். இந்த மெஷின் ராஜாத்திக்கும் இதையே சொல்லிவிட்டால்?

அதற்கு முன்னால் குமாரின் அம்மா வர வேண்டுமே. அவர் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். பாப்பாரப்பட்டி சந்தையன்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சந்தையில் கொத்தமல்லி விற்றுக்கொண்டிருந்த அந்த அம்மாவின் எதிரில் போய்க் குந்திக்கொண்டார். அவர் அப்பாவின் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார். "நீங்க ஜாதகமே பாக்க மாட்டீங்களே. உங்களுக்கு இதுல என்னாங்க?"

"ஜாதகம் எனக்குத் தெரியாதுங்க" என்றார் அப்பா. "எம் பொண்ணு தப்பானதை வாங்கிட்டு வந்துருச்சு. அந்தப் பழி இன்னொருத்தர் வூட்டுப் பொண்ணு தலைல விழுந்துருச்சு. அது மட்டுந்தாங்க எனக்குத் தெரியும்."

அந்த அம்மா கொத்தமல்லிக் கட்டுகளைத் தண்ணீர் தெளித்து அடுக்கிக்கொண்டே இருந்தார். நாங்கள் எழுந்தபோது, எந்தக் கிழமை வரட்டும் என்று கேட்டார்.

இரண்டாவது தடவை கற்பூரம் இல்லை, பூ இல்லை. அவசியமில்லை என்று சாரே சொல்லிவிட்டார். அதே ஆட்கள், அதே நாற்காலிகள். இந்தத் தடவை குமாரும் உள்ளே வந்து சுவரோரமாக நின்றான். மெஷின் கேட்கக் கேட்க நான் விவரங்களை அடித்தேன். ராஜாத்தி பிறந்த வருசத்தை அடிக்கும்போது கோவிந்தன் எட்டிப் பார்த்தார். மெஷின் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. அவர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

கடைசி என்டரைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மெஷினோடு வந்திருந்த ப்ரிண்டர் கிரீச் கிரீச்சென்று இழுத்தது. தாளைக் கிழித்து எடுத்து கோவிந்தனிடமே கொடுத்தேன். அவர் மேலிருந்து கீழாக விரலை ஓட்டி, அடியில் நிறுத்தினார்.

"குட்" என்றார்.

அதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பச்சியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராஜாத்தி குனிந்து கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது வரை சிவந்திருந்தது. ஆனால் குமாரின் அம்மா இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னைக்கு சொன்ன தோஷம்?"

"அது மெஷினுக்குத்தாங்க. பொண்ணுக்கு இல்லீங்க."

அவர் யோசித்தார். "மெஷினுக்குப் பரிகாரம் பண்ணிட்டீங்களா?"

நான் முழித்தேன். டாஸிலிருந்து ஆரம்பிப்பதா, மெமரியிலிருந்தா, வெர்ஷனிலிருந்தா? பின்னாலிருந்து அப்பா சொன்னார். "பெங்களூரு போய்ட்டு வந்தமுங்க."

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. எழுந்து போய் ராஜாத்தியின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, "அப்ப செரி" என்றார்.

கல்யாணம் இண்டூரில் நடந்தது. எங்களைக் குடும்பத்தோடு அழைத்து, முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் குமாரே பாயசத் தூக்கோடு வந்து, எனக்கு மட்டும் இரண்டு கரண்டி ஊற்றினான். அங்கேதான் சண்முகம் சார், நான் அவரிடம் சொல்லியிருந்தது ரகசியம் என்று தெரியாமல், மெஷின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொன்ன பலனை அம்மாவிடம் உளறிவிட்டார். அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அம்மா தன் இலையில் இருந்த வடையை எடுத்து அப்பாவின் இலையில் வைத்தார். "மெஷின் இப்பத்தான் கண்டுபுடிச்சுதா? எனக்குக் கல்யாணமான மறுநாளே தெரியும்" என்று சொல்லிவிட்டு, அப்பளத்தை நொறுக்கினார்.

சென்டர் ரொம்ப நாள் ஓடவில்லை. ஜாதகத் தொழிலை நான் அத்தோடு விட்டுவிட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். ஆனால் ராஜாத்தி வீட்டார் எங்களை விடவில்லை. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்தார்கள்.

எனக்கு நிச்சயம் ஆனபோதும் வந்தார்கள். மாப்பிள்ளை ஜோசப் கோவிலூர்க்காரர், தபால் ஆபீசில் வேலை. சாமியார் ஜெபம் சொல்லி முடித்து, எல்லோரும் காபிக்காக உட்கார்ந்திருந்தபோது, கோவிந்தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜோசப்புக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டார். என் காதில் அந்த வெள்ளிக்கிழமையின் கரகர சத்தம் மறுபடி கேட்டது.

"எல்லாம் விசாரிச்சாச்சு" என்றார் கோவிந்தன் கண்டிப்பான குரலில். "ஒண்ணு மட்டும் பாக்கி. தம்பி, உங்க வெர்சன் என்ன?"

வீடு முழுக்கச் சிரித்தது. பாவம், ஜோசப்புக்கு இந்தக் கதை தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறார். ஜோசப் கூச்சத்தோடு காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பழய வெர்ஷன்தாங்க" என்றார். "மெதுவாத்தான் ஓடும். நடுவுல நிக்காதுங்க."

ஜோசப்புக்கு இப்போது முழங்கால் வலி. நான் மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பின்னாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் மேலிருந்து எட்டிப் பார்ப்பேன். ஒன்றும் கேட்க மாட்டேன்.

"ஓடிட்டுத்தான் இருக்கு" என்று கீழேயிருந்து குரல் வரும்.